எது அடிப்படை, எது அபிப்பிராயம்? – கேள்வி பதில்

கேள்வி: எதை நம்பாவிட்டால் ஒருவர் கிறிஸ்தவரே இல்லை?

பதில்: பவுல் 1 கொரிந்தியர் 15-இல் 'பிரதானம்' என்று சொல்வதைப் பாருங்கள். கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார். எழவில்லை என்றால் விசுவாசமே விருதா என்கிறார். எழுந்தவர் யார் என்பதைத்தான் 325-இல் நிசேயாவிலும் 451-இல் கல்கெதோனிலும் கூடிய சங்கங்களில் சபைத் தலைவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அதே பவுல் ரோமர் 14-இல் நாட்களையும் உணவையும் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறார். ஒற்றை வசனத்தை வைத்துக் கோடு கிழிக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஓய்வுநாள் சனியா, ஞாயிறா?

பதில்: ரோமர் 14:5.

கேள்வி: ஆயிர வருட அரசாட்சியை (கிறிஸ்து திரும்பி வந்து பூமியில் ஆயிரம் வருடம் ஆளுவார் என்பதை) மறுப்பவர் விசுவாசியா?

பதில்: தாராளமாக. இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் அதை உறுதியாக நம்பியவர். அவரே, நல்ல விசுவாசிகளில் பலர் வேறுவிதமாக நினைக்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்.

கேள்வி: ஞானஸ்நானம் கர்த்தரின் கட்டளை. முழுக்கா தெளிப்பா என்பதை எப்படி அபிப்பிராயம் என்கிறீர்கள்? கீழ்ப்படியாமைக்குச் சாக்கு அல்லவா இது?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தீமோத்தேயுவுக்குப் பவுல் தாமே விருத்தசேதனம் பண்ணினார் (அப்போஸ்தலர் 16:3). அந்தப் பக்கத்து யூதர்களை முன்னிட்டு. கிரேக்கரான தீத்துவுக்கும் அதைச் செய்யச் சொன்னபோதோ ஒரு நாழிகைகூட இணங்கவில்லை (கலாத்தியர் 2). சடங்கு ஒன்றுதான். ஆனால் இரண்டாவது இடத்தில், 'இது இல்லாமல் இரட்சிப்பு இல்லை' என்று நெருக்கினார்கள். முழுக்குதான் சரி என்று வாதாடுங்கள், நானும் கூட வருகிறேன். தெளிக்கப்பட்டவருக்குப் பரலோகம் இல்லை என்று சொன்ன நிமிடம், தீத்துவின் முன்னால் கத்தியோடு நிற்பது நீங்கள்.

கேள்வி (அவரே): 'விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்' என்கிற மாற்கு 16:16 என்னாவது?

பதில்: மறுபடியும் ஒற்றை வசனம்! அதன் பின்பாதியையும் படியுங்கள்: ஆக்கினை விசுவாசியாதவனுக்கு. ஞானஸ்நானம் பெறாதவனுக்கு என்று அங்கே இல்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு யார் முழுக்குக் கொடுத்தார்கள்?

கேள்வி (இன்னொருவர்): அப்படியானால் எல்லாரும் கைகோர்த்துவிடலாமே?

பதில்: அது அவ்வளவு சுலபமில்லை. 1529-இல் ஜெர்மனியின் மார்பூர்க்கில் சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் 15 விஷயங்களில் 14-இல் ஒத்துப்போனார்கள். கடைசியில் திருவிருந்து அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் இருக்கிறதா என்பதில் முறிந்தது. லூத்தருக்கு அது அடிப்படை, ஸ்விங்லிக்கு அப்படியில்லை. கோடு எங்கே என்பதே சண்டை. லூத்தர் அங்கே விட்டுக்கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம், திட்டுகிறவர்கள் திட்டலாம்.

கேள்வி: டிசம்பர் 25 கொண்டாடலாமா?

பதில்: ஓய்வுநாள் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: சனிக்கிழமை ஆராதிக்காதவர்கள் கெட்டுப்போவார்களா?

பதில்: ஐயா, மேலே இருப்பதை வாசித்துவிட்டுக் கேளுங்கள். தீத்து, தீத்து.

கேள்வி: திரித்துவத்தை விளக்க எனக்குத் தெரியவில்லை. நான் விசுவாசிதானா?

பதில்: பயப்படாதீர்கள். விளக்கத் தெரியாதது வேறு, மறுப்பது வேறு. கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்று சொல்லி நிசேயாவில் கண்டிக்கப்பட்ட ஆரியு மிக நன்றாக விளக்கத் தெரிந்தவர்.

கேள்வி: எங்கள் போதகர் இரகசிய வருகை (கிறிஸ்து முதலில் மறைவாக வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வார் என்பது) இல்லை என்கிறார். கள்ளப்போதகர் என்று அறிவிக்கலாமா?

பதில்: முதலில் அவரிடமே தனியாகப் போய்ப் பேசுங்கள். மத்தேயு 18:15.