ஐந்து பேர் படிக்கிற புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். எதற்கு?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருந்தோம். பரிசல் சுற்றிய சுற்றில் மாமனாரின் துண்டு காவிரியோடு போய்விட்டது. அதையே கதையாக்கி, பிள்ளைகள் வரைந்த படங்களோடு ஒரு புத்தகமாக ஐந்தே பிரதி செய்து, மாமனார், மாமியாரின் அறுபதாம் கல்யாணத்தில் கொடுக்க ஆசை. தெரிந்தவர் ஒருவர் அச்சடித்துத் தர, ஐ.எஸ்.பி.என். எண்ணும் சேர்த்து 9,000 ரூபாய் ஆகும், பாதியை முன்பணமாகக் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: கொடுக்காதீர்கள். ஐ.எஸ்.பி.என். கடையில் விற்கும் புத்தகத்துக்கான எண். உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கப்போகிற புத்தகத்துக்கு அது வேண்டவே வேண்டாம். விற்கிற புத்தகத்துக்கே மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது. இலவசத்துக்கே விலை சொல்பவர் மற்றதற்கு எப்படிச் சொல்லியிருப்பார்? இப்படிப்பட்டவர்களில் பலரிடம் அச்சு மெஷினே கிடையாது. ஃபைலை வாங்கி சிவகாசிக்கோ பெங்களூருக்கோ அனுப்புவார்கள். நிறம் மாறி வந்தால் "பிரஸ்ல அப்படித்தான் வந்துச்சு" என்பார்கள். பாதிப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டு அப்புறம் என்ன பேச முடியும்?

டிஜிட்டல் பிரிண்ட் போடும் கடைக்கு நீங்களே போங்கள். ஐந்து பிரதிக்கு அதுதான் சரி. பிளேட் செய்து மொத்தமாக அடிக்கிற ஆஃப்செட் பேச்சே எடுக்க வேண்டாம்.

பிள்ளைகளின் படங்களை போனில் போட்டோ எடுக்காமல் ஸ்கேன் செய்யுங்கள், 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ4 தாள் அப்போது 2480க்கு 3508 பிக்சல் வரும். முழுப் பக்கத்துக்கும் தாங்கும். அதை வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். பென்டிரைவில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: வாட்ஸ்ஆப்பில் வந்தது எல்லாமே குப்பை இல்லை. 1600-ஐ 300-ஆல் வகுத்தால் ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஆகவே மைத்துனர் அனுப்பிய அருவிப் படத்தை அரைப் பக்கத்துக்குள் வைத்தால் நன்றாகவே இருக்கும், முழுப் பக்கத்துக்கு இழுத்தால்தான் மங்கும். அதே படம் இரண்டு மூன்று குரூப் சுற்றி வந்திருந்தால் அரைப் பக்கமும் வேண்டாம். எடுத்தவரிடமே கேட்டு 'டாக்குமெண்ட்' ஆக வாங்குங்கள், அப்படி வந்தால் சுருங்காது.

"ஏ.ஐ.யில் அஞ்சு நிமிஷத்துல படம்" என்பார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். பரிசல் கேட்டால் நீளமாகப் படகு வந்தது. பாட்டியின் முகம் பக்கத்துக்குப் பக்கம் மாறியது. மீன் வறுக்கும் கடையின் பலகையில் தமிழ் மாதிரி ஏதோ கிறுக்கல். உங்கள் பிள்ளை வரைந்த கோணல் பரிசலே போதும்.

அடுத்தது எழுத்து. நீங்கள் போனில் தட்டுவது யூனிகோடு, எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய எழுத்துக் குறியீடு. கடைக்காரர் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார். அங்கேதான் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரியும். தமிழக அரசு யூனிகோடை ஏற்று அரசாணை போட்டது 2010-இல். இத்தனை வருஷம் ஆகியும் நாங்கள் இந்தத் தொழிலில் பழைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழுகிறோம், யாரும் கேட்பாரில்லை. யூனிகோடிலேயே பக்கம் அமைக்கத் தெரிந்த கடையாகத் தேடுங்கள். எங்கே செய்தாலும் புரூஃபை, அதாவது பிழை பார்க்கும் மாதிரி அச்சை, காகிதத்தில் வாங்கி, வாய்விட்டுப் படித்த பிறகே சரி சொல்லுங்கள். செல்போனில் காட்டுவது புரூஃப் இல்லை.

ஒரு தாளை மடித்தால் 4 பக்கம். அதனால் நடு மடிப்பில் சென்டர் பின் அடிக்கிற புத்தகம் 16, 20 என்று நான்கின் மடங்கில்தான் வரும். ஓரத்தில் 3 மி.மீ. கட்டிங்கில் போகும், பெயர்களை ஒட்டி வைக்காதீர்கள். அட்டைக்குப் பளபளக்காத மேட் லேமினேஷன் போட்டால் விரல் ரேகை அவ்வளவாகத் தெரியாது.

முதலில் ஒரே ஒரு பிரதி போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால், போன துண்டு என்ன கரை என்று மாமியாரிடம் பேச்சுவாக்கில் கேட்டு வையுங்கள். பச்சைக் கரையைச் சிவப்பாகப் போட்டுவிட்டால் மாமனார் விழா முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.