எட்டாம் வகுப்பு அறிவியல் திருப்புதலுக்கு உருப்படியான விளையாட்டு எது?

ஊட்டிப் பக்கத்துப் பள்ளி, 32 பிள்ளைகள், புரொஜெக்டர் கிடையாது, 40 நிமிடப் பீரியட் ஒன்றுதான். இயற்பியல் பாடங்களைத் திருப்ப என்ன விளையாட்டு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

'யார் முதலில் கை தூக்குவது' வகை வினாடி வினாவை விட்டுவிடுங்கள். முன் பெஞ்சு நாலு பேர் விளையாடுவார்கள், மீதி 28 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். எல்லோரும் எழுதியே ஆகவேண்டும். அதற்குப் பந்தய ஆட்டம்தான் சரி.

நாலு நாலு பேராக 8 குழு. குழுவுக்கு 20 கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காய், மரத்தடியிலேயே பொறுக்கலாம். உங்கள் கையிருப்புக்கு இன்னும் 150. ஆளுக்கொரு சிலேட்டு, குழுவுக்குள் 1 முதல் 4 வரை எண். நீங்கள் ஒரு கூற்றை வாசியுங்கள். முதல் நிமிடம் பேச்சே கூடாது: சரியா தவறா, ஒரு வரிக் காரணம். அடுத்த நிமிடம் குழுவுக்குள் வாதம். காரணத்தைத் திருத்தலாம், மூலையில் எழுதிய முதல் விடையை அழிக்கக் கூடாது. பிறகு 1 முதல் 5 காய் வரை பந்தயம். அதற்கப்புறம்தான் எண் சீட்டு எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் மற்ற மூவரும் தூங்கிவிடுவார்கள். அந்த எண்காரர்களின் சிலேட்டு மட்டும் மேலே வரும். காரணமும் சரியென்றால் காய் இரட்டிப்பு, விடை மட்டும் சரியென்றால் போட்டது திரும்பும், தவறென்றால் போச்சு.

5 காய் வரம்பு முக்கியம். இல்லாவிட்டால் இரண்டாவது கேள்விக்குள் பாதி வகுப்பு ஓட்டாண்டி. 8 கூற்றுக்கு மேல் வேண்டாம், ஒன்றுக்கு 4 நிமிடம் பிடிக்கும்.

ஆட்டத்தின் உயிர் கூற்றுகளில்தான். 'ஊட்டியில் பருப்பு வேகத் தாமதமாவது குளிரினால்' என்று போடுங்கள். பெரும்பாலோர் சரி என்பார்கள். உண்மைக் காரணம் உயரம்: சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. காட்டுவதானால் வெப்பநிலைமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் அளவு கூடிக் காட்டும்.

'ஸ்வெட்டர் சூட்டை உண்டாக்குகிறது': ஒரு வெப்பநிலைமானியை ஸ்வெட்டருக்குள்ளும் இன்னொன்றை வெளியிலும் அரைமணி முன்பே வையுங்கள், இரண்டும் ஒன்றையே காட்டும். அப்போதுதான் கழற்றிய ஸ்வெட்டர் என்றால் உடம்புச் சூட்டைக் காட்டி உங்கள் மானத்தை வாங்கிவிடும். 'மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் 45 கிலோ உருளைக்கிழங்கு மூட்டையின் எடை 45 நியூட்டன்': இல்லை, 45-ஐ 9.8-ஆல் பெருக்க 441. 'மலை ரயிலின் பல்சட்டம் (தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய சட்டம்) எஞ்சினின் திறனைக் கூட்டுகிறது': இல்லை, கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் (12.28 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரம்) வெறும் உராய்வை நம்பினால் சக்கரம் வழுக்கும், அதைத் தடுக்கத்தான்.

எல்லாமே தவறான கூற்றாக இருந்தால் மூன்றாவதிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவது சரியாக இருக்கட்டும், ஆனால் தவறுபோலத் தோன்றவேண்டும்: 'காலையில் பெஞ்சின் இரும்புக் காலும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன.'

அலகு, வாய்பாடு எல்லாம் இதில் வேண்டாம். சீட்டுப் பொருத்தலாக வீட்டுக்குக் கொடுங்கள், பழைய காலண்டர் அட்டையில். மழைக்காலத்தில் வெறும் தாள் சுருண்டுவிடும்.

ஒவ்வொரு கூற்றுக்கும் மூலை விடை எத்தனை பேருக்குத் தவறு என்று கை தூக்கச் சொல்லிக் கரும்பலகையில் குறியுங்கள். பத்துக்கு மேல் போனவற்றை மறுநாள் முதல் வேலையாகத் திரும்ப நடத்துங்கள்.