வாங்கப் போகிறீர்களா? நீளக்கம்பி அன்டெனாவும் எர்த்தும்

கேள்வி: சிற்றலை றேடியோவுக்காகக் கூரையிலிருந்து தென்னைமரம் வரை 30 மீற்றர் கம்பி இழுத்தேன். "இதைப் போட்டால் மின்னலுக்குப் பயமில்லை" என்று 6,500 ரூபாவுக்கு ஒரு சின்னப் பெட்டி விற்றார்கள். எர்த் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐப்பசி இடியில் றேடியோ போய்விட்டது.
- உப்புவெளி வாசகர்

பதில்: உங்களில் பிழை இல்லை ஐயா. பெட்டிக்குள் இருப்பது ஒரு வாயுக் குழாய். கம்பியில் மின்னழுத்தம் ஏறினால் அதை எர்த்துக்குத் திருப்பிவிடும். எர்த்தே இல்லையென்றால் எங்கே திருப்பும்? எர்த் இருந்தாலும், மழையும் காற்றும் கம்பியில் ஏற்றும் நிலைமின்னுக்கும் தூரத்து மின்னலின் தாக்கத்துக்கும்தான் அது உதவும். நேரே விழும் இடியை எந்தப் பெட்டியும் தாங்காது. இதை மறைத்து விற்றது ஏமாற்று. பில் இருந்தால், வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 1977க்கும் அழைக்கலாம்.

கேள்வி: 14,000 ரூபாவுக்குப் பழைய றிசீவர் வாங்கினேன். பில் இல்லை, விற்றவர் பெயரும் ஞாபகமில்லை. காசு திரும்புமா?
- கிண்ணியா வாசகர்

பதில்: திரும்பாது. பெயர்கூடக் கேட்காமலா இவ்வளவு காசைக் கொடுத்தீர்கள்?

கேள்வி: 5 அடி செம்பு எர்த் றொட் மலிவாகக் கிடைக்கிறது. அன்டெனாவுக்கென்று தனியே அடிக்கலாமா?
- நிலாவெளி வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. நானும் அப்படியொன்று வாங்கி அடித்தேன். ஒரு மாரி கழிந்து பிடுங்கினேன். உள்ளங்கை முழுக்கத் துரு. இரும்புக்குச் செம்பு நிறம் பூசி விற்றிருக்கிறார்கள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. இரும்புக்கடையிலேயே அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். நல்ல றொட்டில் செம்பு கால் மில்லிமீற்றர் கனம் இருக்கும், சிவப்பு மாறாது. பூச்சு என்றால் உடனே வெள்ளையாக உருக்குத் தெரியும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, நல்லதற்குள்ளும் உருக்குத்தான். நம் கரையோர மணல் மேலே காய்ந்து கிடக்கும், ஈரம் கீழேதான்; 8 அடி றொட் வாங்கி முழுதாக இறக்குங்கள். அப்புறம் அதை வீட்டு எர்த்தோடு 16 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியால் இணைக்கச் சொல்லுங்கள். தனித்தனியே விட்டால், பக்கத்தில் மின்னல் விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையிலான மின்சாரம் உங்கள் றேடியோவுக்குள்ளால் பாயும்.

கேள்வி: இடி தொடங்கியதும் ஓடிப்போய் அன்டெனாவைக் கழற்றுகிறேன். சரிதானே?
- தம்பலகாமம் வாசகர்

பதில்: சரியில்லை. இடிச் சத்தம் கேட்ட பிறகு கம்பியில் கை வைக்காதீர்கள். றேடியோ கேட்டு முடிந்த ஒவ்வொரு முறையும் அன்டெனாவைக் கழற்றி, சன்னலுக்கு வெளியே எர்த்தில் கொழுவிவிடுங்கள். றேடியோவின் பிளக்கையும் இழுத்துவிடுங்கள்.