லிஃப்ட் ஓடினால் 700 வோல்ட் டிசி பஸ் ஏன் ஆடுகிறது?

கேள்வி: வெள்ளவத்தை மாடிக் கட்டடமொன்றில் 400 வோல்ட் த்ரீ ஃபேஸ் லைனையும் 700 வோல்ட் டிசி பஸ்ஸையும் (நேர்மின்சாரம் ஓடும் பொது இணைப்பு) இணைக்கும் கன்வேர்ட்டர், லிஃப்ட் ஓடும்போது ஊசலாடி ட்ரிப் ஆகிறது. என்ன செய்யலாம்?

முதலில் லூப்களின், அதாவது அளந்து பார்த்துத் தொடர்ந்து திருத்தும் கட்டுப்பாட்டுச் சுற்றுகளின், வேகத்தைப் பாருங்கள். 10 கிலோஹேர்ட்ஸில் சுவிச் ஆகும் கன்வேர்ட்டரில் உள்ளே இருக்கும் கரண்ட் லூப் 1 கிலோஹேர்ட்ஸைத் தாண்டக் கூடாது. வெளியே இருக்கும் வோல்டேஜ் லூப் அதில் பத்தில் ஒன்றுக்கும் கீழே. இரண்டும் நெருங்கினால் ஆட்டம் நிச்சயம். வோல்டேஜ் லூப்பின் புரொபோஷனல் கெயினை, அதாவது அந்த நேரப் பிழைக்கேற்பத் திருத்தும் வலுவை, பாதியாக்குங்கள். கூடவே இன்டக்ரல் கெயினை, அதாவது சேர்ந்துவரும் பிழைக்கேற்பத் திருத்தும் வலுவை, கால்வாசியாக்குங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புரொபோஷனலை மட்டும் குறைத்தால் தணிப்புக் குறைந்து ஊசல் கூடும்.

அப்படியும் அடங்காவிட்டால் டிஃபரன்ஷியல் புரோப் (இரு முனைகளுக்கு இடையிலான வோல்டேஜை அளக்கும் கருவி) வைத்து பஸ்ஸை ஒஸிலோஸ்கோப்பில் பாருங்கள். 100 ஹேர்ட்ஸ் அலை தெரிந்தால் மூன்று ஃபேஸும் சமமில்லை. வீட்டு ஏசிகளெல்லாம் ஒரே ஃபேஸில் குவிந்த கட்டடத்தில் இது சகஜம். அந்த அலை வோல்டேஜ் லூப்பில் புகுந்து லைன் கரண்டில் 150 ஹேர்ட்ஸாக வெளிவரும். பஸ் வோல்டேஜ் அளவீட்டில் 100 ஹேர்ட்ஸ் நொட்ச் ஃபில்டர் (அந்த ஒரு அலையை மட்டும் நீக்கும் வடிகட்டி) போடுங்கள்.

ட்ரிப்புக்குப் பயந்து பஸ்ஸை 600 வோல்ட்டுக்கு இறக்கிவிடாதீர்கள். லைன் வோல்டேஜ் 6 சதவீதம் ஏறினாலே அதன் அலை உச்சம் 600 வோல்ட்டைத் தொடும். கன்வேர்ட்டருக்குள் இருக்கும் டயோட்கள் தாமாகவே கடத்தும், கட்டுப்பாடு கைநழுவும்.