நீதிபதிக்கு ஓட்டுப் போடுவது

வணக்கம் சார்,

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கியபின் இதுதான் முதல் ஓட்டு. வாக்குச்சீட்டில் வரிசையாக நீதிபதிகளின் பெயர்கள், எதிரே ஆம், இல்லை. ஒருவரையும் தெரியாது. அதில் ஒருவருக்கு ‘இல்லை’ போடச் சொல்லி நண்பர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் கெஞ்சுகிறார். அவருடைய விவாகரத்து வழக்கில் குழந்தையை மனைவியிடம் கொடுத்தவராம். பேசாமல் காலியாக விட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

விடலாம், சட்டப்படி தவறில்லை. ஆனால் விழுந்த ஓட்டுகளை மட்டும்தான் எண்ணுவார்கள், நீங்கள் ஒதுங்கினால் உங்கள் நண்பரைப் போலக் கோபத்தில் இருப்பவர்களின் ஓட்டுக்குத்தான் எடை கூடும்.

உங்கள் மாரிகோப்பா கவுண்டியில் 1974 முதல் ஒரு குழு பரிந்துரைப்பவர்களிலிருந்து ஆளுநர் நீதிபதியை நியமிக்கிறார், அப்புறம் நாலு வருஷத்துக்கு ஒருமுறை, எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல், இவர் தொடரலாமா என்று மட்டும் மக்களைக் கேட்கிறார்கள். இதற்கென்றே 1992-இல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி ஒரு மதிப்பீட்டு ஆணையமும் வைத்தார்கள். வக்கீல்கள், வழக்காடியவர்கள், சாட்சிகள், ஜூரர்கள் என்று அந்த நீதிபதி முன்னால் வந்துபோனவர்களிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். சட்ட அறிவு, நேர்மை, புரியும்படி பேசுவது, பொறுமை, வேலையை நேரத்தில் முடிப்பது, இவ்வளவுதான் கேள்வி. தீர்ப்பு சரியா என்று கேட்பதில்லை, அதற்கு மேல்முறையீடு இருக்கிறது.

ஆணையம் ஏறக்குறைய எல்லோரையும் ‘தகுதி உண்டு’ என்று பாஸ் போட்டுவிடும் என்பது உண்மைதான். அதனால் நான் அந்த முடிவைவிட உள்ளே இருக்கும் எண்களைத்தான் பார்ப்பேன். எத்தனை பேர் பதில் எழுதினார்கள்? ஐந்து பேர் போட்ட மார்க்கை வைத்து என்ன சொல்ல முடியும்? வக்கீல்கள் நல்ல மார்க் போட்டு, வழக்காடியவர்கள் மட்டும் குறைத்திருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்: கோட்டு போட்டவரிடம் மரியாதை, சாதாரண ஆளிடம் எரிச்சல் என்று இருக்கலாம். ஆனால் குடும்ப நீதிமன்றத்தில் பாதிப் பேர் கசப்போடுதான் வெளியே வருவார்கள், ஆகவே அங்கே இருக்கும் மற்ற நீதிபதிகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். பெண் நீதிபதிகளுக்கு வக்கீல்கள் குறைத்துப் போடுவதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

ஒரே வழக்கை வைத்து ஓட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்கா இருக்கிறது. ஆங்கரேஜில் ஒரு பெண்ணைக் கழுத்தை நெரித்துப் பாலியல்ரீதியாகக் கொடுமைப்படுத்தியவன், 2018-இல் அரசுத் தரப்போடு செய்துகொண்ட உடன்பாட்டால், மேற்கொண்டு சிறைக்கே போகாமல் வீட்டுக்குப் போனான். ஊர் கொதித்தது, நியாயம்தான். அந்த உடன்பாட்டை ஏற்ற நீதிபதி மைக்கேல் கோரியை, மதிப்பீட்டுக் குழு தொடரலாம் என்று சொல்லியிருந்தும், நவம்பரில் வெளியேற்றிவிட்டார்கள். அவன் செய்ததைப் பாலியல் குற்றம் என்று சொல்ல அன்றைய சட்டத்தில் இடமே இல்லை. பொத்தல் சட்டத்தில் இருந்தது. மறு வருஷம் சட்டமன்றம் அதை அடைத்தது. உடன்பாட்டை ஏற்காமல் திருப்பியனுப்ப நீதிபதியால் முடியும், அதனால் அவர்மேல் பழியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆனாலும் அத்தனை வருட வேலையை அந்த ஒரு நாளை வைத்து அளந்தது எனக்கு உறுத்துகிறது.

உங்கள் நண்பரிடம் குழந்தை யாரிடம் போனது என்று கேட்காதீர்கள். நீதிபதி அவரை முழுசாகப் பேச விட்டாரா, கொடுத்த காகிதங்களைப் படித்துவிட்டு வந்தாரா, அரிசோனாவின் 60 நாள் கெடுவுக்குள் தீர்ப்புச் சொன்னாரா என்று கேளுங்கள். இதில் இரண்டுக்காவது ‘இல்லை’ என்று வந்தால், ஆணையத்தின் அறிக்கையிலும் அதே குறை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தாராளமாக ‘இல்லை’ போடுங்கள்.