பிள்ளை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வரவில்லையா?

கேள்வி: பிரசவமாகி ஏழு வாரம். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. "பச்சை உடம்பு, மழை மூட்டம் வேற. வெயில் வந்தா சரியாகிடும்" என்கிறார் அத்தை. காத்திருக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம். பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகையும் சிடுசிடுப்பும் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். உங்களுடையது அந்தக் கணக்கில் வராது. வெறும் களைப்பென்றால் தலை சாய்த்ததும் தூங்கிப்போவீர்கள். பிள்ளை கண்ணயர்ந்த பிறகும் கொட்டக் கொட்ட விழித்திருப்பது மனச்சோர்வின் முக்கியமான அடையாளம்.

அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) இரண்டும் பாருங்கள். ரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் உண்டு. கடந்த 7 நாள் மனநிலையைக் கேட்கும். மொத்தம் 30 மதிப்பெண்ணில் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். கடைசிக் கேள்வி, தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஆம்' என்றால் மொத்த மதிப்பெண் எதுவானாலும் அன்றே பார்க்க வேண்டும். நள்ளிரவானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

இன்றிரவே செய்யக்கூடியது: ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு, இன்னொரு வேளைக்குப் பீய்ச்சி மூடி வையுங்கள். அறையில் 4 மணி நேரம் கெடாது. இடையில் பிள்ளை அழுதால் அத்தையோ கணவரோ பாலாடையில் புகட்டட்டும். நீங்கள் வேறு அறையில் இரண்டு மணி வரை படுங்கள். எழுந்ததும் ஊட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பால் கட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: குளிருக்காகக் கதவை அடைத்துக் கரி நெருப்பு வைக்காதீர்கள். அந்தப் புகையால் வரும் தலைவலியும் மந்தமும் ஒருபுறம், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்கு மனைவிக்கு செர்ட்ராலின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறார் அம்மா.
– வாசகர், கூடலூர்

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. அந்த மருந்து பாலில் மிகச் சொற்பமாகவே போகிறது. முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் இருக்கலாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். 'ஒண்ணும் கேக்கல' என்று பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும், டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: மகளுக்குப் பிரசவமாகி பத்து நாள். தூங்காமல் பேசிக்கொண்டே இருக்கிறாள். "இது என் குழந்தை இல்லை, மாத்திட்டாங்க" என்கிறாள். மந்திரிக்கலாமா?
– ஒரு தாய், கொடைக்கானல் மேல்மலை

பதில்: இன்றே 108-ஐ அழையுங்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் தீவிர மனநோய் இது. மணிக்கு மணி மாறும். வண்டி வரும்வரை மகளைத் தனியே விடாதீர்கள், குழந்தையை வேறொருவர் வைத்திருக்கட்டும். மந்திரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிகிச்சையில் நன்றாகக் குணமாகும். ஆனால் அடுத்த பிரசவத்திலும் திரும்ப வரக்கூடும் என்பதால், கர்ப்பம் தரித்ததுமே டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.