பூச்சாடிக்கு வேண்டிய பூ கொல்லையிலேயே

கேள்வி: எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். கொல்லையில் ஒரு சென்ட் அளவுக்கு இடம் இருக்கிறது. செம்பருத்தி, நந்தியாவட்டை, மல்லிகை, பன்னீர் ரோஜா எல்லாம் நன்றாகப் பூக்கின்றன. ஆனால் கூடத்தில் ஜாடியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் தலை தொங்கிவிடுகிறது. நர்சரியில் வாங்கிய ஜெர்பரா சித்திரை வெயிலில் கருகிவிட்டது. வாரா வாரம் கடையில் பூ வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ஜாடியில் வைப்பதற்கென்றே வருஷம் முழுவதும் கிடைக்கிற மாதிரி எதை நடலாம்? பூக்கடைகளில் காம்பைச் செருகி நிறுத்துகிற அந்தப் பச்சை ஸ்பாஞ்ச் இல்லாமல் பூ அலங்காரம் செய்ய முடியுமா?

பதில்:

உங்கள் கொல்லையில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லும் நான்குமே பறிப்பதற்கான செடிகள். பூஜைத் தட்டுக்கும் சரம் தொடுக்கவும் காலங்காலமாக வீட்டில் வைத்துக்கொண்ட செடிகள் அவை. செம்பருத்தியின் ஆயுள் பெரும்பாலும் ஒரே நாள். தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது மாறாது. மல்லிகைக்கும் நந்தியாவட்டைக்கும் பிடித்து நிறுத்தக் காம்பே கிடையாது. இவற்றை உருளியில் மிதக்கவிடுங்கள், அதற்குத்தான் அழகு. ஜாடிக்கு வேண்டியது ஒரு முழ நீளத்துக்கு நேராக வளரும் காம்பு, வெட்டிய பிறகும் தண்ணீரை இழுக்கிற காம்பு. ஆகவே நர்சரியில் நிறத்தைப் பார்க்கும் முன் காம்பைப் பாருங்கள்.

ஜெர்பராவுக்காக வருத்தப்படாதீர்கள். அது நீலகிரிக் குளிருக்கும் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடிலுக்கும் பழகியது. கார்னேஷனும் லில்லியமும் அப்படித்தான். கடையில் விற்கிற நீளக் காம்பு ரோஜாவும் பெரும்பாலும் பசுமைக்குடிலில் வளர்ந்ததே. காவிரிக் கரையின் வெயிலில் இவற்றோடு மல்லுக்கட்டினால் காசும் போகும், மனசும் சோர்ந்துவிடும். நம் வெயிலை விரும்புகிற செடிகளே போதுமான அளவுக்கு இருக்கின்றன.

முதலில் பூவே வேண்டாம், இலைகளை நடுங்கள். இதைச் சொன்னால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பார்க்க நிறைவாக இருக்கும் எந்த ஜாடியையும் கவனித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் தழைதான். தழை கையில் இருந்தால் நாலு பூவிலேயே ஜாடி நிறைந்துவிடும். இல்லாவிட்டால் இருபது பூ செருகினாலும் மொட்டையாகத் தெரியும். மதில் ஓரமாகக் குரோட்டன் இரண்டு வகை, வெள்ளை விளிம்புள்ள அராலியா, டிரசீனா, ஒரு அரேகா பாம் வைத்துவிடுங்கள். எல்லாம் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை, ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் வெட்டலாம். குரோட்டனில் இளந்தளிர் வேண்டாம், துவண்டுவிடும். முற்றிய இலையுள்ள கிளையாக வெட்டி, ஒரு ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் நிறுத்தி வைத்துவிட்டுப் பயன்படுத்தினால் பத்து நாளானாலும் நிற்கும். அதன் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். பஞ்சு போன்ற மெல்லிய தழைக்குத் தண்ணீர்விட்டான் கொடியை வேலியில் ஏற்றிவிடலாம். முள் இருக்கும், பார்த்து வெட்டவேண்டும். திருநீற்றுப்பச்சிலையையும் மறக்காதீர்கள். கதிர் வந்த கிளையை இடையில் செருகினால் வாசனையும் வரும், இடைவெளியும் நிரம்பும்.

இனி பூக்கள். மூன்றடி அகலம், பத்தடி நீளத்தில் இரண்டு மேட்டுப்பாத்தி போடுங்கள். மூன்றடிக்கு மேல் அகலம் வைத்தால் நடுவில் இருக்கிற செடியை வெட்டக் கை எட்டாது. ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கி வேர் அழுகாமல் இருக்கப் பாத்தி அரையடி உயரமாவது வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் படவேண்டும். மண்ணில் மக்கிய தொழு உரத்தைத் தாராளமாகக் கலந்துவிடுங்கள். இதைப் பூந்தோட்டமாக நினைக்காமல் கீரைப் பாத்தி மாதிரி நடத்துங்கள்: விதைப்பது, வெட்டுவது, மறுபடி விதைப்பது. முன்வாசல் அழகுக்கு என்று நட்டால் வெட்டவே கை வராது. கொல்லைப் பாத்தி என்றால் அந்தத் தயக்கம் இருக்காது.

வெயில் காலத்தை முழுக்கத் தாங்குகிற இரண்டு செடிகள் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும். இரண்டையும் அற்பமாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு ஜாடிப் பூக்களில் இவைதான் முதலிடம். நடுக்கோடையில் மற்றதெல்லாம் சுணங்கும்போது இவை தழைக்கும். காம்பு விறைப்பாக நிற்கும், வெட்ட வெட்டக் கிளைக்கும். முழுதாக மலர்ந்து உருண்டையான பிறகுதான் வெட்டவேண்டும். மிஞ்சியதைச் சின்னக் கட்டுகளாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் நிறம் மாறாமல் காய்ந்துவிடும். மழை மாதங்களில் புதுப் பூ குறையும்போது அந்த உலர்ந்த கட்டுகள் கைகொடுக்கும்.

அடுத்தது ஜினியா. நாற்று பிடுங்கி நடுவதைவிடப் பாத்தியிலேயே விதைப்பது நல்லது. சுமார் இரண்டு மாதத்தில் பூத்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரிசை விதைத்துக்கொண்டே வந்தால் இடைவெளி விழாது. அடைமழை மாதங்களை மட்டும் விட்டுவிடுங்கள். செடி ஒரு அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடவேண்டும், கீழே மூன்று நான்கு ஜோடி இலை இருந்தால் போதும். கிள்ளாமல் விட்டால் உச்சியில் ஒற்றைப் பூவும் அதற்குக் கீழே குட்டைக் கிளைகளும்தான் வரும். கிள்ளினால் அடியிலிருந்து நீளமான கிளைகள் எழும்பும். செடிக்குச் செடி முக்கால் அடி இடைவெளி விடுங்கள். கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் காம்பு வெளிச்சம் தேடி நீளும். ரொம்ப நெருக்கினால் சாம்பல் நோய் வரும். தண்ணீரை இலையில் தெளிக்காமல் வேரில் விடுங்கள். வெட்டுகிற பக்குவம் தெரிய ஒரு வழி இருக்கிறது. பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து லேசாக உலுக்குங்கள். தலை தள்ளாடினால் இன்னும் பருவம் வரவில்லை. காம்பு குச்சி மாதிரி விறைத்து நின்றால் வெட்டலாம். பருவத்துக்கு முன் வெட்டிய ஜினியா தண்ணீரில் வைத்தாலும் தொங்கத்தான் செய்யும்.

சம்பங்கி இல்லாமல் நம் வீட்டு ஜாடி முழுமையாகாது. சந்தையில் மாலைக்கு எடைபோட்டு விற்கும் சம்பங்கி ஒற்றை அடுக்கு வகை. ஜாடிக்கு இரட்டை அடுக்கு வகை வேண்டும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட சுவாசினி, வைபவ் இரண்டும் இதற்கு ஏற்றவை. கிழங்கு 25 முதல் 30 கிராம் எடை இருந்தால்தான் முதல் பருவத்திலேயே நல்ல தண்டு விடும். சுண்டைக்காய் அளவுக் கிழங்கைக் குறைந்த விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். பிடுங்கிய கிழங்கை ஒரு மாதம் நிழலில் ஆறப்போட்டு, ஆனி ஆடியில் இரண்டு அங்குல ஆழத்தில் நடவேண்டும். மூன்று மாதத்தில் பூந்தண்டு எழும்பும். ஒரு கிழங்கு ஒரு தண்டைத்தான் தரும், பிறகு பக்கக் கிழங்குகள் அந்த வேலையைத் தொடரும். எனவே மொத்தமாக ஒரே நாளில் நடாமல், பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாக நடுங்கள். அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததும் தண்டை வெட்டலாம். ஜாடியில் கீழே வாடியதை அன்றாடம் கிள்ளி எடுத்தால் மேலே உள்ள மொட்டுகள் விரிந்துகொண்டே போகும். இரட்டை அடுக்கில் உச்சி மொட்டுகள் சில விரியாமலே போவது இயல்பு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கிழங்கைப் பிடுங்கிப் பிரித்து இடம் மாற்றிவிடுங்கள். அதே மண்ணிலேயே விட்டால் வேரைத் தாக்குகிற நூற்புழு சேர்ந்து தண்டு குட்டையாகிவிடும்.

வெயில் முழுதாகப் படாத மூலை இருந்தால் ஹெலிகோனியா வையுங்கள். வாழைக்கு நெருங்கிய இனம், ஈரம் பிடிக்கும். சின்ன வகைகள் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும். அதன் மடல்கள் வெட்டிய பிறகு மேலும் விரியாது, வேண்டிய அளவு விரிந்த பிறகே வெட்டுங்கள். காம்பு வழியாகத் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது என்பதால், வெட்டியதும் முழுத் தண்டையும் அரை மணி நேரம் தொட்டித் தண்ணீரில் மூழ்கவைப்பது நல்லது.

செங்காந்தளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிராகிறது. வெளிநாட்டுப் பூக்கடைகளில் அதே பூ தனி மதிப்போடு ஜாடிக்குப் போகிறது. ஆடி ஆவணியில் கிழங்கு நட்டு, கம்பியில் ஏற்றிவிட்டால் போதும், பூ வெட்டிய பிறகும் நாள்கணக்கில் நிற்கும். கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும், அது ஒடிந்தால் கிழங்கு வீண். ஆனால் இந்தச் செடி முழுவதும், கிழங்கு குறிப்பாக, கடும் விஷம். வீட்டில் தவழும் குழந்தையோ ஆடு மாடோ இருந்தால் நடவே வேண்டாம். அரளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஜாடியில் மீந்த தண்ணீரைக்கூட மாடு குடிக்கிற இடத்தில் கொட்டாதீர்கள்.

பனிக்காலத்துக்குச் சாமந்தி, சைனா ஆஸ்டர், கிளாடியோலஸ். சாமந்தி பகல் குறுகும்போது மொட்டு வைக்கிற செடி. ராத்திரி முழுக்கத் தெருவிளக்கோ கொல்லை விளக்கோ படுகிற இடத்தில் வைத்தால் தழைத்துக்கொண்டே இருக்கும், பூக்காது. உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கொட்டுவார்கள், விளக்கை அணைத்தாலே பூத்துவிடும். ஆஸ்டரில் காமினி, பூர்ணிமா நல்ல ரகங்கள். ஒரு அறுவடையோடு முடிந்துவிடும் என்பதால் ஆவணியிலும் புரட்டாசியிலும் இரண்டு தடவையாக விதையுங்கள். கிளாடியோலஸ் கிழங்கை ஐப்பசி முதல் வாரத்தில் நட்டால் பொங்கலை ஒட்டிப் பூக்கும். அடி மொட்டில் நிறம் தெரிந்ததுமே வெட்டிவிடலாம்.

பூச்சிகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாவுப்பூச்சி, இலைப்பேன் தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள். மொட்டு விரிந்த பிறகு தெளித்தால் இதழில் கறை விழும்.

இப்போது வெட்டும் வேலை. தொங்கிப்போகிற பூக்களில் பாதி இங்கேதான் கெடுகின்றன. வெயில் ஏறுவதற்குள், ஆறரை மணிக்கு முன் வெட்டிவிடுங்கள், ராத்திரி இழுத்த தண்ணீர் அப்போது காம்பில் நிறைந்திருக்கும். கூடையில் போடாமல் தண்ணீர் வாளியைக் கையோடு கொண்டுபோங்கள், வெட்டிய நொடியே காம்பு தண்ணீருக்குள் போகவேண்டும். காற்று புகுந்த காம்பு பிறகு தண்ணீர் ஏற்றாது. தண்ணீரில் அமிழும் பகுதியின் இலைகளை உருவிவிடுங்கள், அவைதான் அழுகி நாற்றமடிக்கும், செண்டுமல்லி இலை எல்லாவற்றையும்விட வேகமாக. பிறகு வாளியோடு இருட்டான மூலையில் மூன்று மணி நேரமாவது விட்டுவைத்து, அடிக்காம்பை அரை அங்குலம் சாய்வாக மறுபடி நறுக்கி ஜாடிக்கு மாற்றுங்கள்.

ஜாடியைச் சாப்பிடும் தட்டு போல் சுத்தமாகக் கழுவவேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற தண்ணீரே ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி துணி வெளுக்கும் பிளீச் திரவம். சர்க்கரை மொட்டு விரியத் தெம்பு தரும், புளிப்பு தண்ணீர் ஏற உதவும், பிளீச் நுண்ணுயிரைத் தடுக்கும். பிளீச் இல்லாமல் சர்க்கரையை மட்டும் போட்டால் நுண்ணுயிருக்குத்தான் விருந்து. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிக் காம்பை நறுக்குங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே ஜாடியை வைக்காதீர்கள், இதழ் உலர்ந்துவிடும். பழுக்கிற வாழைப்பழமும் மாம்பழமும் விடுகிற எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிரவைக்கும், பழக்கூடையைத் தள்ளி வையுங்கள்.

ஸ்பாஞ்ச் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தேவையே இல்லை. அது மக்காத பிளாஸ்டிக், உதிர்ந்து தூளாகி மண்ணில் தங்கிவிடும். வாய் அகன்ற ஜாடிக்குள் கோழிவலைக் கம்பியைச் சுருட்டிச் செருகினால் காம்புகள் அதன் கண்ணிகளில் நிற்கும், பல வருஷம் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். உருளி, தாம்பாளம் போன்ற தட்டையான பாத்திரத்துக்கு மேடை அலங்காரக்காரர்கள் செய்வதையே செய்யுங்கள்: வாழைத்தண்டை மூன்று அங்குல உருளையாக நறுக்கி நிறுத்தி, ஈர்க்குச்சியால் துளை போட்டுக் காம்பைச் செருகி, அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும், பிறகு எருக்குழியில் போட்டுவிடலாம். கனமான ஹெலிகோனியா, கிளாடியோலஸ் தண்டுகளுக்கு மட்டும் வாழைத்தண்டு போதாது. அவற்றைக் கூழாங்கல் போட்ட உயரமான ஜாடியில் வையுங்கள்.